எக்ஸ்இ கேட்கும் அண்ணாச்சிக்கு என்ன கொடுப்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. மென்பொருள் எழுதியாகிவிட்டது, அதை அடுத்தவர் கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவது என்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பிரிண்டர் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பிரிண்டர் எங்கேயும் ஓடிப்போகாது.

எங்கள் ஊர் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்காகப் பைத்தானில் ஸ்டாக், பில்லிங் மென்பொருள் எழுதியிருக்கிறேன். என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். கடையில் விண்டோஸ். அவருடைய ஆடிட்டரிடம் மேக்புக். மூன்றிலும் கிளிக் செய்தால் திறக்கிற மாதிரி ஒரே கோப்பாகச் செய்ய முடியுமா? பைஇன்ஸ்டாலர் வைத்துச் செய்தது உபுண்டுவில் ஓடுகிறது, கடையில் திறக்கவே இல்லை. – விருதுநகர் வாசகர்

முடியாது. மூன்று கோப்பு வேண்டும்.

மூன்று இயங்குதளமும் நிரல் கோப்பை மூன்று விதமாக எதிர்பார்க்கின்றன. விண்டோஸுக்கு பிஇ, லினக்ஸுக்கு எல்ஃப், மேக்குக்கு மாக்-ஓ. கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்ததுமே ‘இது நம்முடையது இல்லை’ என்று தள்ளிவிடும். பைஇன்ஸ்டாலர் உங்கள் நிரலோடு பைத்தானையும் தேவையான நூலகங்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். எந்த இயங்குதளத்தில் உட்கார்ந்து கட்டுகிறீர்களோ அதற்கு மட்டும்தான் கட்டும். உபுண்டுவில் கட்டியதற்கு எக்ஸ்இ (விண்டோஸ் நிரல் கோப்பின் பின்னொட்டு) என்று பெயர் மாற்றினாலும் அது எல்ஃப்தான்.

சி மொழியில் காஸ்மோபாலிட்டன் என்றொரு நூலகம், ஒரே கோப்பை எல்லாவற்றிலும் ஓட வைக்கும் வித்தையைச் செய்து காட்டுகிறது. கறுப்புத் திரையில் ஓடும் நிரல்களுக்கு அது அருமை. பட்டனும் பட்டியலும் உள்ள உங்கள் பில்லிங் மென்பொருளுக்கு உதவாது. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்று சொல்லி வந்த ஜாவாவும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. வலைப்பக்கத்திலிருந்து கிளிக் செய்து ஓட்டும் வெப் ஸ்டார்ட் வசதியை 2018-இல் ஜாவா 11-இல் தூக்கிவிட்டார்கள். 2021-இல் ஜாவா 16-உடன் ஜேபேக்கேஜ் முறையாக வந்தது. அதுவும் விண்டோஸுக்கு எம்எஸ்ஐ, மேக்குக்கு டிஎம்ஜி, லினக்ஸுக்கு டெப் என்று தனித்தனியாகத்தான் கட்டித் தரும், அதுவும் அந்தந்த இயங்குதளத்தில் உட்கார்ந்தால்தான்.

அதற்காக மூன்று கம்ப்யூட்டர் வாங்கத் தேவையில்லை. நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் உங்கள் நிரலை வைத்திருக்கிறீர்களா? அதிலுள்ள ஆக்‌ஷன்ஸ் வசதி விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் கட்டிக் கொடுக்கும். எல்லாரும் பார்க்கும்படி வைத்த திட்டங்களுக்கு இலவசம். எதை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஒரு சின்ன யாமல் கோப்பு எழுத வேண்டும், முதல் தடவை எரிச்சலூட்டும். அப்புறம் நீங்கள் ஒவ்வொரு புதுப் பதிப்பு போடும்போதும் மூன்று பொட்டலமும் தானாக வந்து விழும்.

ஆடிட்டர் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். அவர் மென்பொருளை ஓட்டத்தான் வேண்டுமா? மாதக் கடைசியில் ஒரு எக்செல் கோப்பு போனால் போதுமென்றால் மேக் பதிப்பை மறந்துவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கீழே மேக் கேள்வியைப் படித்தால் தெரியும்.

பைஇன்ஸ்டாலரில் ‘ஒன்ஃபைல்’ போட்டு ஒரே எக்ஸ்இ ஆக்கினேன். திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது. அதைவிட மோசம், மூடித் திறந்தால் போட்ட பதிவெல்லாம் காலி. நேரடியாகப் பைத்தானில் ஓட்டினால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எங்கே போகிறது? – திண்டுக்கல் வாசகி

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ‘ஒன்ஃபைல்’ என்பது பார்ப்பதற்குத்தான் ஒரே கோப்பு. கிளிக் செய்ததும் அது டெம்ப் ஃபோல்டரில் எம்இஐ என்று தொடங்கும் ஒரு தற்காலிக ஃபோல்டரை உருவாக்கி, உள்ளே இருக்கும் அத்தனை கோப்புகளையும் அங்கே விரித்துப் போட்டு, பிறகுதான் உங்கள் நிரலை ஓட்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இதே வேலை. போதாததற்கு ஆன்டிவைரஸ் அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கும். நிரலை மூடியதும் அந்த ஃபோல்டர் அழிக்கப்பட்டுவிடும்.

நீங்கள் தரவுத்தளத்தை ‘நிரல் இருக்கும் இடத்திலேயே’ சேமிக்கும்படி எழுதியிருப்பீர்கள். கட்டிய பிறகு ‘நிரல் இருக்கும் இடம்’ என்பது அந்தத் தற்காலிக ஃபோல்டர். பதிவுகள் அங்கே எழுதப்பட்டு, மூடியதும் ஃபோல்டரோடு சேர்ந்து போய்விடுகின்றன. உங்கள் கம்ப்யூட்டரில் பைத்தானாக ஓட்டும்போது இது ஒருநாளும் தெரியாது.

இந்தத் தாமதத்தைக் கடையில் பார்க்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர். கடைக்காரர் இரட்டை கிளிக் செய்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. மவுஸ் சரியில்லையோ என்று மறுபடி கிளிக். எதிரே வாடிக்கையாளர் பில்லுக்கு நிற்கிறார், இன்னொரு கிளிக். கொஞ்ச நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஜன்னல் திறக்கிறது. தரவுத்தளம் தற்காலிக ஃபோல்டரில் இல்லாமல் நிலையான ஓரிடத்தில் இருந்தால், மூன்றும் ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் எழுதப் பார்க்கின்றன. ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று பிழை வருகிறது. ‘தம்பி, உங்க சாஃப்ட்வேர் லாக் ஆயிடுச்சு, சாவி நம்பர் சொல்லுங்க’ என்று போன் வருகிறது. அவர் மேல் தப்பே இல்லை.

அதனால் ‘ஒன்ஃபைல்’ வேண்டாம், ‘ஒன்டிர்’ போடுங்கள். கோப்புகள் விரித்தபடியே ஒரு ஃபோல்டரில் கிடைக்கும், சீக்கிரம் திறக்கும். ‘ஃபோல்டரைக் கொடுத்தால் குழம்பிவிடுவார்கள்’ என்பீர்கள். ஃபோல்டரை அப்படியே கொடுக்கச் சொல்லவில்லை. இன்னோ செட்டப் வைத்து அதை ஒரு நிறுவியாக்குங்கள். 1997-லிருந்து இருக்கும் கருவி, இன்றைக்கும் விண்டோஸில் இதற்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான். கடைக்காரர் கையில் போவது ஒரே ஒரு செட்டப் கோப்பு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். டெஸ்க்டாப்பில் ஐகான் வந்துவிடும், வேண்டாமென்றால் கண்ட்ரோல் பேனலில் போய் நீக்கலாம். நிறுவியின் வசனங்களுக்குத் தமிழ் மொழிக்கோப்பும் கிடைக்கிறது.

அதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஆப்ஐடி, அதாவது நிறுவி உங்கள் மென்பொருளை அடையாளம் காணும் குறியீடு. முதல் பதிப்பில் என்ன கொடுத்தீர்களோ அதையே கடைசிவரை வைத்திருங்கள். மாற்றினால் புதுப் பதிப்பு பழையதன் மேல் ஏறாமல் பக்கத்திலேயே இன்னொன்றாக உட்காரும், கடைக்காரர் பழைய ஐகானையே கிளிக் செய்துகொண்டிருப்பார். இன்னொன்று, தேவையான அனுமதியைக் குறைந்தபட்சமாக வையுங்கள். அப்போது அட்மின் பாஸ்வேர்டு கேட்காமல் அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவும். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் கடைக்குக் கம்ப்யூட்டர் விற்றவர், அவர் போன் எடுப்பதில்லை என்ற நிலைதான் பாதிக் கடைகளில்.

தரவு எங்கே போக வேண்டும்? விண்டோஸில் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், மேக்கில் லைப்ரரிக்குள் இருக்கும் அப்ளிகேஷன் சப்போர்ட், லினக்ஸில் ஹோமுக்குள் டாட் லோக்கல், ஷேர். பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற பைத்தான் நூலகம் மூன்றையும் அதுவே பார்த்துச் சொல்லும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் மட்டும் எழுதாதீர்கள். அனுமதி இல்லை என்று நிரல் நின்றுவிடும். பழைய 32-பிட் நிரல்களாக இருந்தால் இன்னும் வேடிக்கை. விண்டோஸ் சத்தமில்லாமல் அதை வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறொரு ஃபோல்டரில் எழுதிவிடும். ஒவ்வொரு பயனருக்கும் அது தனித்தனி. அப்பா லாகினில் போட்ட கணக்கு மகன் லாகினில் தெரியாது.

என் எக்ஸ்இ-யை டவுன்லோட் செய்பவர்களுக்கு நீல நிறத்தில் பெரிய எச்சரிக்கை வருகிறது. எனக்கு வருவதில்லை. பென் டிரைவில் கொடுத்தாலும் வருவதில்லை. சிலருக்கு ஆன்டிவைரஸ் கோப்பையே அழித்துவிடுகிறது. நான் வைரஸ் எழுதவில்லை ஐயா! – சேலம் வாசகர்

நம்புகிறேன். இரண்டும் வேறு வேறு தொல்லை.

நீல எச்சரிக்கை, விண்டோஸின் காவல் வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீனின் வேலை. நெட்டிலிருந்து ஒரு கோப்பு இறங்கும்போது பிரவுசர் அதன்மேல் ‘வெளியிலிருந்து வந்தது’ என்று கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைப் போடுகிறது. அந்தக் குறி, விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் மட்டும்தான் ஒட்டும். பென் டிரைவ் வழக்கமாக ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட்டில் இருப்பதால் அதில் ஏற்றி இறக்கும்போது குறி கழன்றுவிடுகிறது. நீங்களே கட்டிய கோப்பில் குறியே கிடையாது. அதனால்தான் உங்களுக்கு வரவில்லை. பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கோப்பை நீங்களே டவுன்லோட் செய்து திறந்து பாருங்கள்.

அந்தப் பெட்டியில் ‘மோர் இன்ஃபோ’ அழுத்தினால் ‘ரன் எனிவே’ வரும். பத்துப் பேருக்குக் கொடுக்கும் மென்பொருள் என்றால் அதை ஒரு படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஊருக்கே விற்கப் போகிறீர்கள் என்றால் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். கையொப்பம் இல்லாத கோப்புக்கு ஸ்மார்ட்ஸ்கிரீனிடம் சேரும் நற்பெயர் அந்தக் கோப்போடு முடிந்துவிடும், அடுத்த பதிப்பு வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. கையொப்பம் இருந்தால் நற்பெயர் வெளியிடுபவர் பேரில் சேரும். ஆனால் 2023 ஜூன் முதல் கையொப்பம் போடும் டிஜிட்டல் சாவியை யுஎஸ்பி டோக்கன் போன்ற பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது, செலவும் அலைச்சலும் கூடிவிட்டது. எம்எஸ்ஐஎக்ஸ் என்ற வகைப் பொட்டலமாக்கி மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக விட்டால் கையொப்பத்தை அவர்களே போட்டுவிடுவார்கள். தனி ஆளாக இருப்பவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

ஆன்டிவைரஸ் கதை வேறு. பைஇன்ஸ்டாலரில் கட்டிய எல்லா நிரல்களின் முகப்பிலும், நிரலைத் தொடங்கிவைக்கும் ஒரே பூட்லோடர் இருக்கிறது. பைத்தானில் வைரஸ் எழுதுகிறவனும் அதே பைஇன்ஸ்டாலரைத்தான் பயன்படுத்துகிறான். அவன் ஜாடை உங்கள் கோப்பிலும் தெரிகிறது. யுபிஎக்ஸ் வைத்துச் சுருக்குவதை நிறுத்துங்கள், ‘ஒன்ஃபைல்’ விடுங்கள், முடிந்தால் பூட்லோடரை நீங்களே மூலநிரலிலிருந்து கட்டுங்கள். அதற்குப் பிறகும் பிடித்தால் அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கே கோப்பை அனுப்பிச் சொல்லலாம், பெரிய நிறுவனங்கள் எல்லாமே இதற்கு ஒரு படிவம் வைத்திருக்கின்றன. ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். திரும்ப ஆன் செய்ய யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மேக் ஆப் ஒன்றை ஜிப் செய்து நண்பருக்கு அனுப்பினேன். ‘இது கெட்டுப்போயிருக்கிறது, குப்பையில் போடுங்கள்’ என்கிறது அவர் மேக். என்னுடையதில் நன்றாக ஓடுகிறது. – பெங்களூரு வாசகர்

கெட்டுப்போகவில்லை, கையொப்பம் சரியில்லை. மேக் ஆப் என்பது ஒரு கோப்பு மாதிரி வேஷம் போட்ட ஃபோல்டர். அதற்குள் இருக்கும் ஃப்ரேம்வொர்க்குகளில் (நூலகப் பொட்டலங்களில்) வேறு கோப்பைச் சுட்டிக்காட்டும் சிம்பாலிக் லிங்க் நிறைய இருக்கும். சில ஜிப் கருவிகள் லிங்க்கை லிங்க்காக வைக்காமல் நிஜக் கோப்பாக நகலெடுத்துவிடும், கையொப்பம் அங்கேயே உடைந்தது. ஃபைண்டரில் வலது கிளிக் செய்து வரும் கம்ப்ரஸ், அல்லது டிட்டோ கட்டளை, இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். டிஎம்ஜி ஆக்கினால் இன்னும் நல்லது.

அது முதல் படிதான். 2019-இல் வந்த மேக் பதிப்பான கேட்டலினாவிலிருந்து, வெளியிலிருந்து டவுன்லோட் செய்யும் ஆப்பை ஆப்பிளிடம் அனுப்பி நோட்டரைஸ் செய்து, அதாவது சோதித்துச் சான்று, வாங்க வேண்டும். அதற்கு டெவலப்பர் கணக்கு வேண்டும், ஆண்டுக்கு 99 டாலர். முன்பெல்லாம் கண்ட்ரோல் விசையோடு கிளிக் செய்து ஓப்பன் கொடுத்தால் தப்பித்துவிடலாம். 2024-இல் வந்த செக்கோயாவில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். இப்போது செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் ‘ஓப்பன் எனிவே’ அழுத்த வேண்டும். ‘கெட்டுப்போயிருக்கிறது’ என்ற செய்தி வந்துவிட்டால் அந்தப் பட்டனையும் நம்ப முடியாது, டெர்மினலில் எக்ஸ்அட்டர் கட்டளை போட்டு குவாரன்டைன் குறியை நீக்க வேண்டியிருக்கும். நண்பருக்கு என்றால் பரவாயில்லை. ஆடிட்டரிடம் டெர்மினல் திறக்கச் சொல்வீர்களா? விருதுநகர்க்காரருக்கு நான் சொன்னதன் காரணம் இதுதான்.

சிப்பையும் பாருங்கள். 2020 இறுதியிலிருந்து வந்த எம் வரிசைச் சிப்புக்கு மட்டும் கட்டியது பழைய இன்டெல் மேக்கில் ஓடாது.

எங்கள் பள்ளி லேபில் பாஸ் லினக்ஸும் உபுண்டு 20.04-உம் கலந்து இருக்கின்றன. இன்டர்நெட் கிடையாது. மாணவர்களுக்கு நான் செய்த வினாடி வினா மென்பொருளை டெப், ஆப்இமேஜ், ஸ்னாப், ஃபிளாட்பேக் இதில் எதில் போடலாம்? – சிவகங்கை ஆசிரியை

டீச்சர், டெப் போடுங்கள். சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது, உபுண்டுவும் அப்படித்தான். ஒரு பென் டிரைவ் போதும்.

ஃபிளாட்பேக் நல்ல யோசனைதான். ஆனால் முதல்முறை ரன்டைம் (ஓடத் தேவையான அடிப்படைத் தொகுப்பு) என்று நூற்றுக்கணக்கான எம்பி இறக்கச் சொல்லும். இன்டர்நெட் இல்லாத லேபில் அதை ஏற்றுவது தலைவலி. ஸ்னாப்பும் கிட்டத்தட்ட அப்படியே. ஆப்இமேஜ் ஒரே கோப்பாக இருப்பதால் ஆசையாக இருக்கும். பிராப்பர்ட்டீஸில் போய் இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும், நிறுவவே வேண்டாம். பழைய முறையில் கட்டிய ஆப்இமேஜ் லிப்ஃபியூஸ்2 என்ற நூலகம் இருந்தால்தான் திறக்கும். உபுண்டு 22.04-லிருந்து அது உடன் வருவதில்லை. நாளைக்கு லேபைப் புதுப்பித்தால் அன்றைக்கு நின்றுவிடும். புதிய ரன்டைம் வைத்துக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

எதில் போட்டாலும் கட்டும் இடம் முக்கியம். உங்கள் வீட்டு லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருந்து அதில் கட்டினால் லேபில் ‘ஜிலிப்சி 2.35 இல்லை’ என்கிற மாதிரி பிழை வரும். ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்; 22.04-இல் இருப்பது 2.35, 20.04-இல் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக நடக்காது. பைஇன்ஸ்டாலர் ஜிலிப்சியைக் கூடச் சேர்த்துக் கட்டாது. ஆகவே லேபில் இருப்பதிலேயே பழைய லினக்ஸ் பதிப்பு உள்ள கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கட்டுங்கள். கோப்புப் பெயர்களையும் ஒருமுறை சரிபாருங்கள். விண்டோஸில் எழுதியவராக இருந்தால், படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தாலும் அங்கே ஓடியிருக்கும். லினக்ஸ் அதை வேறு கோப்பாகவே பார்க்கும், படம் வராது.

எலக்ட்ரானில் ஒரு சின்னக் குறிப்பேடு செய்தேன். நிறுவிய பிறகு 200 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கிறது. நான் எழுதியது 40 கேபிதான்! – கோவை வாசகர்

மீதி எல்லாம் குரோமியமும் நோடும். எலக்ட்ரான் ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு முழு பிரவுசரைக் கட்டி அனுப்புகிறது. டீ குடிக்கப் போகிறவன் டீக்கடையையே தூக்கிக்கொண்டு போவது மாதிரி. அதே வேலைக்கான டவ்ரி என்ற கருவியைப் பாருங்கள். அது இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவை (வலைப்பக்கம் காட்டும் பகுதியை) பயன்படுத்திக்கொள்ளும், நிறுவி சில எம்பியில் முடிந்துவிடும். ஆனால் விண்டோஸில் ஒரு எஞ்சின், மேக்கில் வேறு, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே. மூன்றிலும் ஒரே மாதிரித் தெரியுமா என்று நீங்கள்தான் சோதிக்க வேண்டும். எலக்ட்ரானில் அந்தக் கவலை இல்லை, அதற்குத்தான் அந்த 200 எம்பி.

வாடிக்கையாளர் இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறார். மாற்ற மாட்டேன் என்கிறார். – தூத்துக்குடி வாசகர்

பைத்தான் 3.8, ஜன்னல், பட்டன் வரையும் நூலகமான க்யூட்டி 5. அதற்கு மேல் போனால் ஓடாது. 32-பிட் விண்டோஸாக இருந்தால் 32-பிட் பைத்தானில் தனியாகக் கட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு அதைக் கைவிட்டது, அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

என் கம்ப்யூட்டரில் தமிழ் அழகாகத் தெரிகிறது. நண்பரின் லினக்ஸில் ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. இன்னொருவரிடம் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. எழுத்துருவைக் கூடவே அனுப்பலாமா? – தஞ்சாவூர் வாசகர்

கட்டம் வருகிறவரிடம் தமிழ் எழுத்துருவே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழைக் கூடவே கட்டி அனுப்புங்கள். அதன் உரிமம் அனுமதிக்கிறது. உங்கள் விண்டோஸில் இருக்கும் லதாவையோ நிர்மலாவையோ எடுத்துக் கட்டாதீர்கள், அவற்றை விநியோகிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

கொம்பு இடம் மாறுவது எழுத்துருவால் அல்ல. பைத்தானோடு வரும் ஜன்னல் நூலகமான டிக்கிண்டரில் எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். விண்டோஸில் எழுத்தைக் கோக்கும் வேலையை விண்டோஸே செய்துவிடுகிறது. லினக்ஸில் டிக்கிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 அந்த வேலையைச் செய்வதில்லை, யூனிகோடில் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே வரைந்துவிடும். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. நோட்டோவைக் கட்டி அனுப்பினாலும் இது சரியாகாது. க்யூட்டிக்கு மாறினால் உள்ளே இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் நூலகம் மூன்று இயங்குதளத்திலும் ஒழுங்காகக் கோத்துவிடும். பொட்டலத்தின் அளவு கூடும், பரவாயில்லை.

அனுப்பும் முன் விண்டோஸில் தமிழில் பெயர் வைத்த ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதிலும் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். சில நூலகங்கள் ஃபோல்டர் பாதையில் தமிழ் எழுத்து வந்தால் கோப்பே இல்லை என்று சாதிக்கும். விண்டோஸ் புரோ இருந்தால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸை இயக்கி வையுங்கள், ஒவ்வொரு முறையும் பைத்தானோ விஷுவல் சி ரன்டைமோ எதுவுமே இல்லாத புத்தம் புது விண்டோஸ் கிடைக்கும். அந்த விஷுவல் சி ரன்டைமின் கோப்பான விசிரன்டைம்140 காணோம் என்ற செய்தியை வாடிக்கையாளருக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடலாம்.